கேட்க ஆள் இல்லாத வேலைகள்

வாசகி கேள்வி:

எனக்கு வயது 36. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. கணவர் மோட்டார் பம்பு கம்பெனியில் இருக்கிறார், மாலை 5.30-க்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மாமியார் உடன் இருக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்தால் இரவு 9.45-க்குப் பிள்ளைகள் தூங்கும்வரை ஓட்டம்தான். இருந்தும் ஆறு வேலைகள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. பி.எஃப். நாமினி, கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த அப்பா பெயரிலேயே இருக்கிறது. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. மகனுக்கு ஆதாரில் கைரேகை பதியச் சொல்லிப் பள்ளியில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். கடைவாய்ப் பல்லில் சில்லென்று எது பட்டாலும் வலி. 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்த ஜி.எஸ்.டி. ஆன்லைன் வகுப்பில் இரண்டு வீடியோவோடு நிற்கிறேன். பரண் முழுக்கச் சாமான். கல்லூரித் தோழிக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் போன் செய்யவில்லை. இரவில் உட்கார்ந்து முடிக்கலாம் என்றால், போனைப் பார்த்தபடியே 12 மணி ஆகிவிடுகிறது. ‘எதையுமே நேரத்துக்குச் செய்ய மாட்டா’ என்கிறார் மாமியார். நான் சோம்பேறிதானா? என்ன செய்தால் இது மாறும்?

மனநல ஆலோசகர் பதில்:

வணக்கம் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பள்ளி வேன் வரும் நேரத்துக்கு இரண்டு டிபன் பாக்ஸ் தயாராக இல்லாத நாள் என்று ஒன்று உங்கள் வீட்டில் இருந்திருக்காது. அலுவலகத்தில் மாதக் கணக்கை முடிக்காமல் விட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். சோம்பேறிக்கு டிபன் பாக்ஸும் நேரத்துக்கு முடியாது.

நீங்கள் முடிக்கும் வேலைகளையும் முடிக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கிறது. வேன் ஹாரன் அடிக்கிறது. மேலாளர் கேட்கிறார், பிள்ளை அழுகிறது. தள்ளிப்போன ஆறுக்கும் இப்படிச் சத்தம் போட யாரும் இல்லை. பல்லும் பி.எஃப். நாமினியும் ‘இன்றைக்கே செய்’ என்று கதவைத் தட்டுவதில்லை. நாள் முழுக்கச் சத்தத்துக்கு ஓடிப் பழகிய ஆளுக்குச் சத்தமில்லாத வேலை கண்ணிலேயே படாது. அப்படியே பட்டாலும், அதில் கை வைக்க விடாமல் ஒரு முள் இருக்கிறது. அந்த முள்ளைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் கொஞ்சம் நேரக் கணக்கு.

நீங்கள் எழுதியபடி 5 மணியிலிருந்து 9.45 வரை 16 மணி 45 நிமிடம். அதில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நேரம் எவ்வளவு? பிள்ளைகள் வேனில் ஏறியதற்கும் நீங்கள் வண்டியை எடுப்பதற்கும் நடுவே அரை மணி இருக்கும். அதிலும் குளியல், புடவை போக மிஞ்சுவது 10, 15 நிமிடம். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஆகவே ‘நேர மேலாண்மை’ என்று யாராவது ஆரம்பித்தால் பாதியை நீங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மேலாண்மை செய்ய முதலில் நேரம் வேண்டும்.

அதனால் ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘போன வாரத்தில் இந்த வேலையைத் தொடங்கப் போதுமான நேரம் ஒரு தடவையாவது கையில் இருந்ததா? இருந்தும் வேறு எதையோ செய்தேனா?’ ஆம் என்றால் அது தள்ளிப்போடுதல். இல்லை என்றால் அது வெறும் நேரப் பற்றாக்குறை, அதற்காகக் குற்றவுணர்வு தேவையில்லை.

பரணை இந்தக் கேள்வியில் வையுங்கள். இரண்டு ஆள், ஒரு ஏணி, குறைந்தது நான்கு மணி நேரம் கேட்கும் வேலை அது. உங்கள் வாரத்தில் அப்படி ஒரு நான்கு மணி நேரம் கிடையாது. ஆகவே நீங்கள் பரணைத் தள்ளிப்போடவில்லை. அதற்கு இப்போது இடமில்லை, அவ்வளவுதான். மே மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை காலண்டரில் வட்டம் போட்டு, ‘பரண், இரண்டு பேர்’ என்று எழுதிவிடுங்கள். அதுவரை அது பட்டியலில் இல்லை. எழுதுவதால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். முடியாத வேலை மனதில் அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாகக் குறித்த மாத்திரத்தில், செய்து முடிப்பதற்கு முன்பே, அந்த அரிப்பு தணிகிறது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2011-ல் சோதித்துப் பார்த்துச் சொன்னது இது.

மிச்சம் ஐந்து. முள் இருப்பது இவற்றில்தான்.

தள்ளிப்போடுதலை நெடுங்காலம் ஆராய்ந்த ஃபியூஷியா சிரோய், டிமத்தி பைச்சில் இருவரும் 2013-ல் எழுதிய கட்டுரை இதை நேரச் சிக்கலாகப் பார்க்கவில்லை, மனநிலையைச் சமாளிப்பதில் வரும் சிக்கலாகப் பார்க்கிறது. ஒரு வேலையை நினைத்த உடனே நெஞ்சில் ஏதோ சுருக்கென்கிறது. பயம், வெட்கம், துக்கம், சலிப்பு, எதுவாகவும் இருக்கலாம். வேலையை ஒதுக்கிவைத்ததும் சுருக்கென்றது அடங்குகிறது. அடங்கியதே பரிசாகிவிடுகிறது, அடுத்த முறையும் மனது அதையே செய்யும். நீங்கள் தப்பிப்பது வேலையிடமிருந்து அல்ல, அந்த ஒரு கண உணர்விடமிருந்து. எனவே ‘எப்படியாவது செய்துவிட வேண்டும்’ என்று பல்லைக் கடிப்பதால் பயனில்லை. எது சுருக்கென்கிறது என்று பார்த்து அதை மட்டும் எடுக்க வேண்டும். ஐந்துக்கும் முள் வேறு வேறு.

பி.எஃப். நாமினி: இதை அலுவலக வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு படிவம் என்ன பெரிய விஷயம்? ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அப்பா பெயர் இருக்கும், அதை எடுத்துவிட்டு வேறு பெயர் போட வேண்டும். ஒன்றரை வருடமாகக் கை போகாததில் ஆச்சரியம் இல்லை. இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கலாம். வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் விதிப்படி, திருமணமானதும் உறுப்பினர் புதிதாக நியமனம் செய்ய வேண்டும்; திருமணத்துக்கு முன்பு செய்தது செல்லாததாகவே கருதப்படும். அதாவது அந்தப் பதிவு பத்து வருடத்துக்கு முன்பே சட்டப்படி முடிந்துவிட்டது. நீங்கள் அப்பாவை அழிக்கப்போவதில்லை. அந்தப் பக்கத்தின் படம் ஒன்றை வேண்டுமானால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றுங்கள்.

மாற்றுவதை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் 10 நிமிடம்: பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணும் கடவுச்சொல்லும் வேலை செய்கின்றனவா, ஆதாரோடு இணைந்த போன் எண் உங்களிடம்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் அதைப் புதுப்பிப்பதே அன்றைய வேலை. இரண்டாம் நாள்: கணவர், பிள்ளைகள் இருவரின் ஆதார் எண், பிறந்த தேதி, ஆளுக்கொரு புகைப்படம் எல்லாவற்றையும் போனில் ஒரே இடத்தில் சேருங்கள். கேமராவில் எடுத்த பெரிய படம் அப்படியே ஏறாது, அளவைச் சுருக்க வேண்டும். பாதியில் எழுந்துபோகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் எழுந்துபோகிறார்கள். மூன்றாம் நாள்: விவரங்களை ஏற்றி, பங்கு விகிதம் போட்டு, இ-சைன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தால் அவர்கள் மைனர் என்பதால் காப்பாளர் பெயர் கேட்கும். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. போட்டு இ-சைன் முடிக்காமல் வெறும் ‘சேமி’யோடு நின்றால் நியமனம் நடந்ததாகாது. முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இதை விட்டவர்கள் நிறையப் பேர். நீங்கள் விடாதீர்கள்.

பல்: இங்கே முள் இரட்டை. ஊசிப் பயம், செலவுப் பயம். தள்ளிப்போடத் தள்ளிப்போட இரண்டும் வளரும் என்பதுதான் கொடுமை. சில்லென்று பட்டதும் வலித்து, சில வினாடியில் போய்விட்டால் பெரும்பாலும் சொத்தையை எடுத்து அடைப்பதோடு முடியும், ஒரே தடவை. வலி உடனே போகாமல் நீடித்தாலோ, இரவில் தானாகவே குத்தி எழுப்பினாலோ நரம்பு வரை போயிருக்கலாம். அது ரூட் கெனால், இரண்டு மூன்று தடவை, மேலே ஒரு கேப். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல நாள் வலித்த பல் ஒருநாள் திடீரென்று வலிக்காமல் நின்றால் நல்லதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். தள்ளிப்போடுகிறவர்களை ஏமாற்ற இதைவிட வசதியான அறிகுறி கிடையாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விட வேண்டும்.

பயத்தைக் குறைக்க, சிகிச்சையையும் பரிசோதனையையும் பிரித்துவிடுங்கள். போனில் இப்படியே சொல்லலாம்: ‘முதல் தடவை பார்த்துட்டு, எக்ஸ்ரே எடுத்து, என்ன செய்யணும், எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடுத்தா போதும். வேலை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.’ எந்தப் பல் மருத்துவரும் இதற்குத் தப்பாக நினைக்க மாட்டார். அன்று ஊசி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கால் போகும். நேரம் வாங்கிவிட்டால் வேறொரு லாபமும் உண்டு. சனிக்கிழமை 4 மணிக்கு உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார். சத்தமில்லாத வேலைக்கு ஒரு மணி கட்டிவிட்டோம்.

ஜி.எஸ்.டி. வகுப்பு: இதை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. 4,500 ரூபாய் போனது போனதுதான், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காமல் வைத்திருப்பதால் பணம் திரும்பாது, தினம் ஒரு முறை ‘இன்னும் பார்க்கல’ என்ற வலி மட்டும் மிஞ்சும். வேலைக்கு உண்மையிலேயே தேவை என்றால், வீடியோக்கள் எந்தத் தேதி வரை திறக்கும் என்று பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மதியம் 40 நிமிடம் என்று குறியுங்கள். தேவை இல்லையென்றால் செயலியைப் போனிலிருந்து நீக்குங்கள். எப்படியானாலும் இந்த மாதம் அதைத் தொடாதீர்கள். முடிவெடுத்து விடுவது வேறு, முடிவெடுக்காமல் கிடப்பது வேறு.

தோழி: கடன் போல இது. நாள் ஆக ஆக வெட்கம் வட்டியாக ஏறுகிறது. முதல் வாரத்தில் ஒரு ‘வாழ்த்துகள் டீ’ போதுமாக இருந்தது. நான்காம் மாதம் ஒரு மணி நேரப் பேச்சும் வெள்ளிக் கொலுசும் இல்லாமல் முகத்தைக் காட்ட முடியாது என்று தோன்றுகிறது. வட்டியைத் தள்ளுபடி செய்து அசலை மட்டும் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் 20 வினாடி குரல் செய்தி: ‘குட்டி எப்படி இருக்கா? உன் நினைப்பு வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கூப்பிடட்டுமா?’ ஏன் தாமதம் என்ற விளக்கம் வேண்டாம். விளக்கம் யோசிக்க ஆரம்பித்தால் இன்னும் ஒரு மாதம் போகும். நான்கு மாதக் குழந்தையின் தாய்க்கு உங்கள் விளக்கத்தைக் கேட்கவும் நேரம் இருக்காது.

ஆதார்: இதில் உங்களுக்கு வேலையே இல்லை. குழந்தைக்கு 5 வயதானதும் பத்து விரல் ரேகை, கருவிழி, புதுப் புகைப்படம் மூன்றையும் பதிய வேண்டும். 15 வயதில் மறுபடி ஒரு முறை. 5-லிருந்து 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் கிடையாது. 7 தாண்டியும் செய்யாமல் விட்டால் எண் முடக்கப்பட வாய்ப்புண்டு, ஒன்றாம் வகுப்பு என்றால் மகனுக்கு அந்த எல்லை தூரத்தில் இல்லை. போக வேண்டியது பையனும் பெற்றோரில் ஒருவரும். அந்த ஒருவர் அம்மாவாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பள்ளியிலிருந்து செய்தி உங்கள் போனுக்கு வந்தது, அதனால் அது உங்கள் வேலை ஆகிவிட்டது.

கணவரிடம் ஒப்படைக்கும்போது பெரும்பாலான வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. ‘கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா?’ என்று கேட்கிறோம். அவரும் சரி என்கிறார். அப்புறம் எந்த சென்டர், எத்தனை மணிக்கு, என்ன பேப்பர், பேப்பர் எங்கே என்று நான்கு போன். நடை மட்டும்தான் அவருடையது, நினைவில் வைத்துக்கொள்வதும் திட்டமிடுவதும் உங்கள் தலையிலேயே இருக்கின்றன. தலைப்பாரம் அப்படியே இருக்க, உதவி கிடைத்துவிட்டதாகவும் கணக்காகிவிடும். ஒரு வேலையைக் கொடுத்தால் நுனி முதல் அடி வரை கொடுக்க வேண்டும். சொல்வது இப்படி இருக்கட்டும்: ‘ஏனுங்க, தம்பி ஆதார் வேலைய இனிமே நீங்க பாத்துக்கோங்க. எங்க போறது, எப்பப் போறதுன்னு நீங்களே விசாரிச்சுருங்க. ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பீரோ மேல்தட்டுல நீலக் கவர்ல இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சா போதும்.’ பள்ளியில் வந்த செய்தியையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு நினைவூட்டக் கூடாது. முதல் வாரம் அவர் எதுவும் செய்ய மாட்டார், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். தேவையான தாள் ஒன்றை விட்டுவிட்டுப் போய்த் திரும்பியும் வரலாம். வரட்டும், இரண்டாம் தடவை அவரே பார்த்துக்கொள்வார். இடையில் நீங்கள் புகுந்து முடித்தால் அடுத்த பத்து வருடத்துக்கும் இந்த மாதிரி வேலை உங்கள் பெயரில் எழுதப்படும்.

ஆக உங்கள் கையில் உண்மையாக இருப்பது மூன்று: பி.எஃப்., பல், தோழி. தோழிக்கு 20 வினாடி. இதைப் படித்து முடித்ததும் அனுப்பிவிடலாம்.

மற்ற இரண்டுக்கும் எப்போது? ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது ஒரு நேரம் அல்ல. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்று, செய்ய வேண்டும் என்று எண்ணுவதைவிட ‘இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைப்பது எவ்வளவு வலுவானது என்று காட்டியது. பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆனால் சொல்கிற எளிமை செய்வதில் இல்லை. கடிகார நேரத்தோடு கட்டினால், ‘காலை 8.15’ என்று வைத்தால், வேன் பத்து நிமிடம் தாமதமான முதல் நாளே குலைந்துவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடிகாரம் நம்பத்தகுந்தது அல்ல, நிகழ்ச்சிதான் நம்பத்தகுந்தது. எனவே நிகழ்ச்சியோடு கட்டுங்கள்: ‘வேன் திருப்பம் தாண்டியதும், வாசலிலேயே நின்று, உள்ளே போகும் முன், பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவேன்.’ அந்த நேரத்தில் எடுக்கவில்லையென்றால் மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் மறுபடி. உள்ளே போய்விட்டால் சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் கூப்பிடும். அதற்குச் சத்தம் உண்டு, பல்லுக்கு இல்லை. பாத்திரம்தான் ஜெயிக்கும்.

ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. மூன்று வேலைக்கும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டால் மூன்றும் அவிழும். இந்த வாரம் பல், அடுத்த வாரம் பி.எஃப்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். பி.எஃப். பக்கம் 10 நிமிடம் என்று உட்கார்ந்து 20-வது நிமிடத்தில் சுற்றிக்கொண்டே நின்றால் ‘என்னால் எதுவும் முடியாது’ என்று தோன்றும். 20 என்றே உட்கார்ந்திருந்தால் தோன்றாது. காலையில் அவ்வளவு இல்லை, அதனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வேலைகளை மதிய உணவு இடைவேளைக்கோ சனிக்கிழமைக்கோ தள்ளுங்கள். இது திட்டமிட்டுத் தள்ளுவது, தப்பில்லை.

இரவை இந்தப் பட்டியலுக்குத் தொடவே தொடாதீர்கள். 9.45-க்கு மேல் அந்த உடம்பில் எந்த வலைத்தளத்தோடும் மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது. தெம்பில்லாத நேரத்தில் முள் இன்னும் ஆழமாகக் குத்தும், கை போனுக்குப் போகும். போன் பார்ப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நாள் முழுவதும் யாருக்கோ கொடுத்துவிட்டு, கேட்க ஆளில்லாத இரண்டு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து திருடிக்கொள்கிறீர்கள். வெளியே எந்தக் காரணமும் இல்லாமல் படுப்பதைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்துக்கு 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்தார்கள். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். அதுவே மறுநாள் தள்ளிப்போடுவதற்கு முதல் காரணமாகிறது.

போனைப் பிடுங்கினால் மட்டும் இது தீராது. அந்த நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். கணவர் 5.30-க்கே வந்துவிடுகிறார் அல்லவா? இரவு 8 முதல் 8.25 வரை வீட்டுப்பாடம் அவர் பொறுப்பு, அந்த 25 நிமிடம் உங்களுடையது, கதவு சாத்தியிருக்கும். மொட்டைமாடி நடையோ, சீரியலோ, போனோ, உங்கள் இஷ்டம். அந்த நேரத்தில் துணி மடிக்கக் கூடாது. இது நடந்த பிறகு, சார்ஜரைக் கூடத்தில் வைத்து 10.30-க்குப் போனை அங்கே விடுவது ஓரளவு சுலபமாகும். முதலில் சார்ஜரை மாற்றிவிட்டு இந்த 25 நிமிடத்தைப் பிறகு பார்க்கலாம் என்றால் மூன்றாம் நாள் சார்ஜர் படுக்கைக்கே திரும்பிவிடும்.

ஏதோ ஒரு வாரம் எல்லாம் கெடும். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் மாதக் கடைசி, வீட்டில் விருந்தாளி. அந்த வாரத்துக்கு இப்போதே ஒரு விதி: எதுவும் செய்ய வேண்டாம், முடிச்சை மட்டும் அடுத்த திங்களுக்கு மாற்றி எழுதுங்கள். விட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்வது உந்துதல் தரும் என்று நினைப்போம். கனடாவில் மைக்கேல் வோல் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டுவதும் ஒரு முள். அந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் திட்டும் சேர்ந்து வரும். அத்தை சொல்வதற்கும் பதில் பேச வேண்டியதில்லை. அவர் சொல்லும் ‘எதையுமே’யில் டிபன் பாக்ஸ் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உடம்பையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அதோடு வாழ்பவருக்கு எந்த வேலையும் மலையாகத்தான் தெரியும், அங்கே என் யோசனைகள் பலிக்காது, இரும்புச் சத்துதான் பலிக்கும். ஹீமோகுளோபினோடு தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், இரண்டும் ஒரே ரத்தத்தில் முடியும். அப்பா போன துக்கமும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தவை எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அது தள்ளிப்போடுதல் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சிறுவயதிலிருந்தே, பள்ளி நாட்களிலேயே, எதையும் கடைசி நிமிடம் வரை விடுவதும் பொருட்களைத் தொலைப்பதும் பேச்சின் நடுவே கவனம் ஓடுவதும் உங்களுக்கு இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கவனக்குறைபாடு பெண்களில் வயது வந்த பிறகே கண்டுபிடிக்கப்படுவது உண்டு.

பல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள், அங்கே போனால் அது திரும்பி வராது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், அடுத்த தேதியைப் பெரிதாக எழுதி. கணவர் கண்ணிலும் படும், அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.